பழைய பிரிட்டிஷ் தடகள நேரங்களை இன்றைய கணக்கில் எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியில் மூன்று எண்கள் இருக்கின்றன. 1886-இல் வால்டர் ஜார்ஜ் ஒரு மைலை 4 நிமிடம் 12¾ நொடியில் ஓடியது, 1923-இல் எரிக் லிடெல் 100 கெஜத்தை 9.7 நொடியில் ஓடியது, 1954-இல் ரோஜர் பேனிஸ்டர் மைலை 3:59.4-இல் முடித்தது. இவற்றை மீட்டர் கணக்குக்கு மாற்ற ஏதாவது சூத்திரம் உண்டா, மாற்றினால் இவர்கள் இன்று எந்த இடத்தில் நிற்பார்கள், ஜார்ஜின் நேரம் ஏன் உலக சாதனைப் பட்டியலில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்தையும் கடிகாரத்தையும் மாற்றுவது பள்ளிக்கூடக் கணக்கு, அதை உறுதியாகவே சொல்லிவிடலாம். பட்டியல் விஷயத்துக்கும் தெளிவான பதில் இருக்கிறது. ‘இன்று எங்கே நிற்பார்கள்’ என்பதற்கு மட்டும் சூத்திரம் கிடையாது. யாராவது அதைத் தசமப் புள்ளியோடு சொன்னால், எண்ணைக் குறித்துக்கொள்வதற்கு முன் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர். அதன்படி 220 கெஜம் 201.168 மீட்டர், 440 கெஜம் 402.336, 880 கெஜம் 804.672, மைல் 1609.344. இந்த நான்கில் முதல் மூன்றும் 200, 400, 800 மீட்டரைவிடக் கொஞ்சம்தான் நீளம். அதனால் புள்ளிவிவரக்காரர்கள் 220 கெஜ நேரத்திலிருந்து 0.1 நொடி, 440-இலிருந்து 0.3, 880-இலிருந்து 0.6 அல்லது 0.7 கழித்துவிடுவார்கள். 1958-இல் கார்டிஃபில் நடந்த எம்பயர் அண்டு காமன்வெல்த் விளையாட்டில் மில்கா சிங் 440 கெஜத்தை 46.6 நொடியில் வென்றார். அதை 400 மீட்டருக்கு 46.3 என்று எழுதலாம், இதில் தகராறு வராது. 800-க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 1938 ஆகஸ்டில் லண்டன் மோட்ஸ்பர் பார்க் மைதானத்தில் இங்கிலாந்து ஓட்டக்காரர் சிட்னி வூடர்சன் ஒரே ஓட்டத்தில் 800 மீட்டரை 1:48.4 என்றும் 880 கெஜத்தை 1:49.2 என்றும் கடந்தார். வித்தியாசம் 0.8. கடைசி மீட்டர்களில் கால் ஓய்ந்து வேகம் குறையும். அதோடு இரண்டு நேரமும் ஐந்தில் ஒரு நொடிக்கு முழுமையாக்கப்பட்டவை, அந்தப் பிசிறும் சேர்ந்திருக்கும்.

நீண்ட ஓட்டங்களில் கழித்தல் கூட்டலாக மாறும், ஏனென்றால் 3 மைல் 5000 மீட்டரைவிட ஏறக்குறைய 172 மீட்டர் குறைவு, 6 மைல் 10,000 மீட்டரைவிட 344 மீட்டர் குறைவு. இதைச் சரிபார்க்க இங்கிலாந்தின் நெடுந்தூர ஓட்டக்காரர் ஆல்ஃப்ரட் ஷ்ரப் நல்ல உதாரணம். 1904 நவம்பர் 5-ஆம் தேதி கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் பார்க்கில் அவர் 6 மைலை 29:59.4-இல் தாண்டினார். அதே ஓட்டத்தில் 10,000 மீட்டர் குறியில் அவர் நேரம் 31:02.4, அதாவது 63 நொடி கூடுதல். ஓட்டக்காரரின் வேகத்தைப் பொறுத்து இது மாறும், எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கூட்டக் கூடாது. மூல நேரத்திலிருந்து அவரவர் சராசரி வேகத்தைக் கண்டுபிடித்து, மிச்சத் தூரத்தை அதே வேகத்தில் ஓடியதாகக் கணக்கிடுவதே நேர்மையான வழி.

உங்களைக் குழப்பும் இரண்டு தூரங்கள் 100 கெஜமும் மைலும். 100 கெஜம் என்றால் 91.44 மீட்டர்தான். லிடெலின் 9.7-ஐ விகிதத்தில் நீட்டினால் 10.61 வரும். ஆனால் ஓட்டத்தின் மெதுவான பகுதி புறப்பாட்டிலேயே முடிந்துவிடுகிறது. கூடுதலான 8.56 மீட்டரை அவர் முழு வேகத்தில் ஓடுவார், நொடிக்கு 10 மீட்டரையொட்டி. அப்படிப் பார்த்தால் கூட்ட வேண்டியது 0.85 நொடி அளவு. எனவே 10.5 முதல் 10.6 வரை என்று ஓர் இடைவெளியாகச் சொல்வதே சரி. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹரோல்ட் ஏப்ரஹாம்ஸ் 100 மீட்டரை வென்ற நேரம் 10.6. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் நியாயமாகவே இருக்கிறது.

மைலை 1500 மீட்டராக்க 1.08-ஆல் வகுப்பது வழக்கம். பேனிஸ்டரின் 3:59.4 என்பது 239.4 நொடி, வகுத்தால் 3:41.7 வரும். ஆனால் அன்றைக்கு அவர் 1500 மீட்டர் குறியைக் கடந்தபோது எடுத்த நேரம் 3:43.0, அதுவே அப்போதைய உலக சாதனைக்குச் சமம். ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் வருவதற்குக் காரணம் எளிது. முடிவுக்கோட்டை நோக்கிப் பாய்பவர் தன்னிடம் இருப்பதை எல்லாம் அங்கே கொட்டுவார். இன்னும் 109 மீட்டர் பாக்கி என்று தெரிந்தவர் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்வார். இடைநேரத்தையும் முடிவு நேரத்தையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். பழைய பட்டியல்களில் இது நிறைய நடந்திருக்கிறது.

இனி கடிகாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் மைதானங்களில் பெரும்பாலும் இருந்தது ஐந்தில் ஒரு நொடி காட்டும் ஸ்டாப்வாட்ச். அதனால்தான் பத்திரிகைகளில் ‘10 1-5’, ‘4 நி. 18 2-5 நொ.’ என்று அச்சாகியிருக்கும். அவை 10.2, 4:18.4. கால் நொடிக் கடிகாரமும் இருந்தது, ஜார்ஜின் 12¾ அங்கிருந்து வருகிறது. அதை 12.75 என்று எழுதுவது எண்கணிதப்படி சரி. ஆனால் இரண்டு தசம இலக்கத்தைப் பார்த்ததும் மின்னணுத் துல்லியம் என்று நினைத்துவிடுவோம். பின்னமாகவே விட்டுவைப்பது நல்லது.

முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் அடுத்த, அதாவது மெதுவான, நேரத்தைத்தான் எழுதுவார்கள். முதலாவதாக வந்தவருக்கு மூன்று பேர் நேரம் எடுப்பார்கள். இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அது, மூன்றும் வேறுவேறாக இருந்தால் நடுவிலுள்ளது, இரண்டே கடிகாரம் இருந்து அவை வேறுபட்டால் மெதுவானது. துப்பாக்கியின் புகையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது. ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். நேர்கோட்டில் ஓடிய 220 கெஜத்தில் இது 0.6 நொடியாகிவிடும். ஊர்த் திருவிழாப் போட்டிகளில் நம்ப முடியாத வேக நேரங்கள் வருவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஒரு சிறிய ஊர் மைதானத்தில் யாரோ 100 கெஜத்தை 9.4-இல் ஓடினார் என்று படித்தால், முதலில் கடிகாரம் பிடித்தவரைச் சந்தேகப்படுங்கள், பிறகு அளவுநாடாவை.

முழுமையாக்கும் விதி உலக சாதனைகளிலேயே வேடிக்கை காட்டியிருக்கிறது. பேனிஸ்டருக்கு 46 நாள் கழித்து, 1954 ஜூன் 21-இல் ஃபின்லாந்தின் துர்க்குவில் ஆஸ்திரேலியரான ஜான் லாண்டி 3:57.9 ஓடினார். அன்றைய விதிப்படி மைல் சாதனைகள் ஐந்தில் ஒரு நொடிக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டதால் அது 3:58.0 என்றுதான் பதிவானது. இரண்டும் அச்சில் வருகின்றன, ஒன்று கடிகாரம் காட்டியது, மற்றொன்று ஏற்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்தும் இதே கதை. செபாஸ்டியன் கோ 1979-இல் ஜூரிக்கில் 1500 மீட்டரை 3:32.03-இல் ஓடினார். ஸ்டீவ் ஓவெட் 1980-இல் ஆஸ்லோவில் 3:32.09. பத்தில் ஒரு நொடிக்கு மேல்நோக்கி முழுமையாக்கியதில் இரண்டும் 3:32.1 ஆகி, சாதனையை இருவரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். 1981 முதல்தான் இந்தத் தூரங்களுக்கு நூறில் ஒரு நொடி ஏற்கப்பட்டது.

கையால் ஸ்டாப்வாட்சை அழுத்தி எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 நொடியும், 400-க்கு 0.14 நொடியும் கூட்ட வேண்டும். புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும், முடிவில் வருபவரை எதிர்பார்த்தே விரல் தயாராக இருக்கும், அதனால் கைநேரம் எப்போதும் கொஞ்சம் சாதகமானது. லிடெலின் மாற்றப்பட்ட 10.5–10.6 இதனால் 10.75 முதல் 10.85 வரை ஆகிறது. 0.24 என்பது சராசரி என்பதை மறக்காதீர்கள். ஆயிரம் ஓட்டங்களுக்குப் பொருந்தும், ஒரே ஓர் ஓட்டத்துக்குப் பொருந்தியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. 400 மீட்டர் வரையிலான உலக சாதனைகளுக்குத் தானியங்கி நேரம் கட்டாயமானது 1977-இல்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் புகைப்பட முடிவுக் கருவி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, யார் முன்னால் என்று தீர்மானிக்க அது பயன்பட்டது. ஆனால் அறிவிக்கப்பட்ட அதிகாரபூர்வ நேரங்கள் கையால் எடுத்தவை.

பழைய பிரிட்டிஷ் முடிவுகளைப் படிப்பவர் அதிகம் வழுக்கும் இடம் ஹேண்டிகேப் ஓட்டம். அந்தக் காலத்துக் கிளப் போட்டிகளில் பாதிக்குமேல் இதுதான். வலுவானவர் கோட்டிலிருந்து புறப்படுவார், மற்றவர்களுக்கு அவரவர் திறமைக்கேற்ப முன்னால் இடம் கொடுப்பார்கள். முடிவில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்கிராட்ச்’ என்றிருந்தால் அவர் முழுத் தூரத்தை ஓடினார். ‘6 கெஜம்’ என்றிருந்தால் அவர் ஓடியது 94 கெஜம். ஓட்டத்தின் நேரம் 9.8 என்று ஒரே ஓர் எண்தான் அச்சில் இருக்கும், அது வென்றவருடையது. வென்றவர் 6 கெஜம் முன்னால் நின்றவராக இருந்தால் அந்த 9.8-க்கு 100 கெஜப் பட்டியலில் இடமே இல்லை. குடும்பத்தில் பாதுகாத்து வைத்த கோப்பைகளில் ‘100 கெஜம், முதல் பரிசு’ என்று மட்டும் பொறித்திருக்கும், ஹேண்டிகேப் விவரம் இருக்காது. மறுபக்கம், ஹேண்டிகேப் என்றதும் தள்ளிவிடவும் கூடாது. வூடர்சன் 1937 ஆகஸ்ட் 28-இல் மோட்ஸ்பர் பார்க்கில் மைலை 4:06.4-இல் ஓடி உலக சாதனை படைத்ததே ஒரு ஹேண்டிகேப் ஓட்டத்தில்தான். அவர் ஸ்கிராட்ச், முழு மைல் ஓடினார், முன்னால் விடப்பட்டவர்கள் துரத்துவதற்கு ஆளாக இருந்தார்கள்.

அதே பத்திரிகைகளில் ‘ஈவன்ஸ்’ என்ற சொல்லும் வரும். 100 கெஜத்தை 10 நொடியில் ஓடுவது ஈவன்ஸ். அந்த வேகத்தில் ஒரு கெஜம் பத்தில் ஒரு நொடி என்பதால், ‘இரண்டு கெஜம் ஈவன்ஸுக்கு உள்ளே’ என்றால் 9.8, மூன்று கெஜம் என்றால் லிடெலின் 9.7. இரண்டாம், மூன்றாம் இடத்தவருக்கு நேரமே எடுக்க மாட்டார்கள், ‘3 கெஜத்தில் வென்றார், அடுத்தவர் ஓரடி பின்னால்’ என்றுதான் எழுதுவார்கள். குறுந்தூரத்தில் கெஜத்துக்கு 0.1 நொடி கூட்டலாம். 4:20 வேகத்தில் ஓடிய மைல் என்றால் கெஜத்துக்கு ஏறக்குறைய 0.15. இப்படிக் கிடைத்த நேரத்தின் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று குறித்து வையுங்கள். நடுவர் கண்ணால் பார்த்துச் சொன்ன கெஜக் கணக்கு அது, முடிவுக்கோட்டில் யாரும் நாடா போட்டு அளந்ததில்லை.

ஜார்ஜின் 4:12¾ ஏன் பட்டியலில் இல்லை என்பது கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. 1886 ஆகஸ்ட் 23-இல் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஸ்காட்லாந்தின் வில்லியம் கம்மிங்ஸை எதிர்த்து அவர் ஓடியபோது தொழில்முறை ஓட்டக்காரராக மாறிவிட்டிருந்தார். அமெச்சூராக அவருடைய சிறந்த நேரம் 1884-இல் ஓடிய 4:18 2/5. 1866-இல் தொடங்கிய அமெச்சூர் அத்லெடிக் கிளப், கூலிக்கு உழைக்கும் கைவினைஞர், இயந்திரத் தொழிலாளி போன்றோரை அமெச்சூர் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. 1880 ஏப்ரல் 24-இல் ஆக்ஸ்ஃபர்ட் ராண்டால்ஃப் ஓட்டலில் கூடி அமைக்கப்பட்ட அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன், அதாவது ஏ.ஏ.ஏ., அந்த வர்க்கத் தடையை விட்டது. பணத்துக்கு ஓடுவதற்கான தடையை மட்டும் இறுக்கிப் பிடித்தது. மேலே சொன்ன ஷ்ரப்பும் ஐப்ராக்ஸ் சாதனைக்கு அடுத்த வருடமே பணம் வாங்கியதாகத் தடை செய்யப்பட்டவர். உலகத் தடகள அமைப்பு 1912-இல் உருவாகி, மைலுக்கு அங்கீகரித்த முதல் சாதனை 1913-இல் அமெரிக்கரான ஜான் பால் ஜோன்ஸ் ஓடிய 4:14.4. ஜார்ஜ் அதைவிட வேகமாக ஓடி 27 வருடம் ஆகியிருந்தது. 1915-இல் நார்மன் டேபர் 4:12.6 ஓடியபோதுதான் அவரை முந்தியவர் கிடைத்தார். ஆகவே 1880கள் முதல் முதல் உலகப் போர் வரையிலான பட்டியல் போடும்போது அமெச்சூர், தொழில்முறை என்று இரண்டு நிரல் போடுங்கள். அதிகாரபூர்வப் பட்டியல் ஒரு நிரலை மட்டுமே காட்டும். வேகமானவர்கள் சிலர் மற்ற நிரலில் இருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம் அல்ல, நேரங்களே சொல்கின்றன.

தளத்துக்கு வருவோம். இங்கேதான் உறுதி முடிந்து ஊகம் தொடங்குகிறது. அளவு முதலில். 1908 ஒலிம்பிக்குக்குக் கட்டிய லண்டன் வைட் சிட்டி ஓடுதளத்தின் ஒரு சுற்று மூன்றில் ஒரு மைல், அதாவது 586 கெஜமும் 2 அடியும், 536 மீட்டருக்குச் சற்று மேல். மைல் சரியாக மூன்று சுற்று, 440 கெஜம் முக்கால் சுற்று. 1932-இல் ஏ.ஏ.ஏ. போட்டிகள் அங்கே இடம் மாறியபோது 440 கெஜத் தளம் போடப்பட்டது. லிடெல் 400 மீட்டரில் தங்கம் வென்ற பாரிஸ் கொலோம்ப் தளம் 500 மீட்டர் சுற்று. கேம்பிரிட்ஜின் ஃபென்னர்ஸ் தளமும் மூன்றில் ஒரு மைல், அங்கே கடிகார முள் போகும் திசையிலேயே ஓடினார்கள். சுற்று பெரிதானால் வளைவு குறைவு, வளைவும் தளர்வு, அதனால் 400 மீட்டர்க்காரருக்கு லாபம். எவ்வளவு லாபம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் இல்லை.

உள்விளிம்பிலிருந்து ஓரடி தள்ளியே, இன்றைய கணக்கில் 30 சென்டிமீட்டர், தூரத்தை அளப்பார்கள். ஓட்டக்காரர் அந்தக் கற்பனைக் கோட்டைவிட்டு இன்னும் 30 சென்டிமீட்டர் வெளியே ஓடினால் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் 1.88 மீட்டர் அதிகம். சுற்று எவ்வளவு நீளமானாலும் இந்த 1.88 மாறாது. மைலுக்கு நான்கு சுற்றில் ஏழரை மீட்டர், ஒரு நொடிக்கு மேல் போய்விடும். ஈரமான நாளில் உள்வரிசை உழுத வயல் போல ஆகிவிட, ஓட்டக்காரர்கள் வேண்டுமென்றே இரண்டாம் வரிசைக்கு நகர்ந்து ஓடுவார்கள். அந்த நீளம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

தளம் எதனால் ஆனது என்றால், அடியில் கல்லும் செங்கல் உடைசலும், அதன்மேல் கொதிகலன்களிலும் அடுப்புகளிலும் எரிந்து மிஞ்சிய கட்டிக்கரி, எல்லாவற்றுக்கும் மேலே சலித்த பொடிச் சாம்பல், அது பறக்காமல் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் களிமண். இதைத்தான் சிண்டர் தளம் என்பார்கள். போட்டிக்கு முதல் நாளே தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்குவார்கள். தண்ணீர் குறைந்தால் மேற்புறம் உதிர்ந்து கால் சறுக்கும், கூடினால் சாம்பல் பிசுபிசுத்து, காலணியின் அடியிலுள்ள ஆணிகளான ஸ்பைக்ஸில் ஒட்டி ஒவ்வோர் அடியும் கனக்கும். போட்டி நடக்க நடக்க உள்வரிசை பெயர்ந்துகொண்டே போவதால் மாலையில் வரும் ஓட்டத்துக்குக் கிடைப்பது காலையில் இருந்த தளம் அல்ல. பேனிஸ்டர் அன்று அணிந்த காலணிகள் ஒவ்வொன்றும் நாலரை அவுன்ஸ் எடை, லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தின் ஜி. டி. லா நிறுவனம் செய்தவை. ஸ்பைக்ஸைச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூராக்கி, சாம்பல் ஒட்டாமலிருக்க கிராஃபைட் பூசிக்கொண்டார். செயற்கைத் தளத்தில் ஓடும் இன்றைய ஓட்டக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது, அங்கே 9 மில்லிமீட்டருக்கு மேல் ஸ்பைக்ஸ் இருக்கவும் கூடாது.

சிண்டரிலிருந்து செயற்கைத் தளத்துக்கு மாற்றச் சுற்றுக்கு ஒரு நொடி கழிக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். இது வாய்வழியாக வந்த தோராயம். நன்றாகப் பராமரித்த, காய்ந்த சிண்டருக்கு அது அதிகம், மழை நாளுக்குப் போதாது. வெயிலில் இறுகிய தளத்தையும் மழையில் கரைந்த தளத்தையும் ஒரே எண்ணால் கழிப்பதைவிடக் கழிக்காமல் இருப்பது மேல். தளத்தின் நிலை பத்திரிகைச் செய்தியில் இருந்தால் அதை வார்த்தையாக எழுதி வையுங்கள். புறப்பாடும் அப்படித்தான். 1937 வரை புறப்பாட்டுக் கட்டைகள் விதியில் இல்லை, ஒலிம்பிக்கில் அவை வந்தது 1948-இல். ஏப்ரஹாம்ஸும் லிடெலும் கைக்கரண்டியால் சாம்பலில் குழி தோண்டி அதில் கால் ஊன்றிப் புறப்பட்டவர்கள். காற்றுக்கு நொடிக்கு 2 மீட்டர் என்ற வரம்பு 1936-இல் வந்தது. லிடெலின் 9.7-க்குக் காற்று அளவே கிடையாது, ஆகவே அதைச் சரிசெய்யவும் வழியில்லை.

பேனிஸ்டரின் ஓட்டத்தில் வேகம் பிடித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்களே, அது சாதனையாக எப்படி ஏற்கப்பட்டது என்றும் கேட்டிருந்தீர்கள். 1954 மே 6 மாலை, ஆக்ஸ்ஃபர்ட் இஃப்லி ரோடு, ஏ.ஏ.ஏ. அணிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்த போட்டி. முதல் சுற்று 57.5, பாதித் தூரம் 1:58.2, முக்கால் மைல் 3:00.5, முடிவு 3:59.4. கணக்குப் போட்டால் மூன்றாவது சுற்றுதான் மெதுவானது, 62.3. கடைசிச் சுற்று 58.9. இரண்டரைச் சுற்று வரை கிறிஸ் பிராஷர் முன்னால் ஓடினார், பிறகு கிறிஸ் சாட்டவே, கடைசி அரைச் சுற்றுக்குச் சற்று முன்பிருந்து பேனிஸ்டர் தனியாக. பிராஷரும் சாட்டவேயும் புறப்பாட்டிலிருந்து ஓட்டத்தில் இருந்தார்கள், இருவரும் ஓட்டத்தை முடித்தார்கள். இதை 1953 ஜூனில் மோட்ஸ்பர் பார்க்கில் நடந்ததோடு ஒப்பிடுங்கள். அன்று பேனிஸ்டர் 4:02.0 ஓடினார், ஆனால் பிராஷர் வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பின்தங்கி, பேனிஸ்டர் ஒரு சுற்று முந்தி வந்ததும் அவரோடு சேர்ந்து வேகம் கொடுத்தார். பிரிட்டிஷ் தடகள வாரியம் அதைத் தேசிய சாதனையாக ஏற்கவில்லை. ஒரு சுற்று பின்தங்கியவர் உதவக் கூடாது, உண்மையான போட்டியாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் பிடித்த கோடு. அந்த மறுப்புக்குப் பிறகுதான் மறுவருட ஏற்பாடு இவ்வளவு கவனமாக அமைந்தது. இஃப்லி ரோட்டின் பழைய மூன்றில் ஒரு மைல் தளத்தை மாற்றி ஆறு வரிசை கொண்ட 440 கெஜத் தளம் போடுவதற்கு, மாணவர் கிளப் தலைவராக இருந்தபோது முன்நின்றவரும் பேனிஸ்டரே.

தாண்டுதல், எறிதல் கணக்கு சுலபம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். நேரத்தை மேல்நோக்கியும் தூரத்தைக் கீழ்நோக்கியும் முழுமையாக்குவார்கள், பழைய அளவில் கால் அங்குலத்துக்கு. 1964 டோக்கியோ ஒலிம்பிக் நீளத் தாண்டலில் லின் டேவிஸ் தாண்டிய 26 அடி 5¾ அங்குலம் 8.07 மீட்டர், மேரி ராண்டின் 22 அடி 2¼ அங்குலம் 6.76 மீட்டர். குண்டு 16 பவுண்டு, 7.26 கிலோ, அதில் மாற்றமில்லை. உயரத் தடை ஓட்டத்திலும் கவலையில்லை. 120 கெஜத்தில் 15 கெஜம் ஓடி முதல் தடை, தடைகளுக்கு நடுவே பத்துப் பத்து கெஜம், கடைசியில் 15 கெஜம். 110 மீட்டர் ஓட்டம் அதைவிட 27 சென்டிமீட்டர்தான் நீளம், அந்த நீளமும் கடைசித் தடைக்குப் பிறகு.

ஏ.ஏ.ஏ. சாம்பியன் என்றால் பிரிட்டிஷ் சாம்பியன் என்று எழுதிவிடாதீர்கள். அது இங்கிலாந்தின் அமைப்பு, போட்டி எல்லா நாட்டவருக்கும் திறந்தது. 1900 முதல் 1903 வரை 100 கெஜத்தை வென்றவர் அமெரிக்கரான ஆர்தர் டஃபி. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட் 1900-இல் அங்கே 120 கெஜத் தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, பிறகு பாரிஸில் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி வென்றார். ஒலிம்பிக் கமிட்டி அவரை இந்தியக் கணக்கில் வைத்திருக்கிறது, தடகள அமைப்பின் பட்டியல் பிரிட்டன் கணக்கில். இலங்கையின் டங்கன் வைட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை. 1948-இல் வெம்ப்ளி சிண்டரில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 51.8-இல் ஓடி வென்ற வெள்ளி, இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மீட்டர் ஓட்டம் என்பதால் கழிக்கவும் ஒன்றுமில்லை.

உங்கள் பட்டியலுக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். அச்சில் எப்படி இருந்ததோ அப்படியே தூரம், நேரம், பின்னம், இடம், தேதி, ஹேண்டிகேப் நிலை ஆகியவற்றை முதல் நிரல்களில் எழுதுங்கள். மாற்றிய எண்ணைத் தனி நிரலில், எந்தக் கூட்டல் கழித்தல் என்ற குறிப்போடு வையுங்கள். தளம், காற்று, காலணிக்கு எண் போடாதீர்கள். பிரிட்டனில் கெஜத்திலிருந்து மீட்டருக்கு ஏ.ஏ.ஏ. போட்டிகள் மாறியது 1969-இல். உலக அமைப்பு மைலைத் தவிர மற்ற கெஜ சாதனைகளை 1976-இல் கைவிட்டது. இந்த இரண்டு வருடங்களும் உங்கள் பட்டியலில் கோடு கிழிக்க வேண்டிய இடங்கள். ஏ.ஏ.ஏ.யின் ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. 1958-இல் தொடங்கிய தேசியத் தடகளப் புள்ளிவிவரச் சங்கத்தினர் தொகுத்த பட்டியல்களைப் பத்திரிகைச் செய்தியோடு ஒத்துப்பார்த்தால் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

பெண்கள் நேரங்களையும் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே ‘சாதனை’, ‘சிறந்த நேரம்’ என்ற இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். பேனிஸ்டர் ஓடி 23 நாள் கழித்து, 1954 மே 29-இல், பர்மிங்ஹாமில் டயான் லெதர் மைலை 4:59.6-இல் ஓடினார். ஐந்து நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண் அவர். அடுத்த வருடம் 4:45.0 வரை வந்துவிட்டார். ஆனால் பெண்கள் மைலை உலக அமைப்பு அப்போது அங்கீகரிக்கவே இல்லை, அதனால் அவருடைய ஐந்து நிமிட ஓட்டமும் சரி, 4:45-உம் சரி, ‘உலகின் சிறந்த நேரம்’ என்ற நிரலில்தான் வரும். ‘உலக சாதனை’ நிரல் 1967-இல் லண்டன் சிஸ்விக்கில் ஆன் ஸ்மித் ஓடிய 4:37.0-இலிருந்து தொடங்குகிறது.